இறந்த மாட்டின் தோலில் செருப்பு: காந்தியின் ஆசையும் அம்பேத்கரின் பதிலும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2013-ம் ஆண்டு ஒரு பெண்மணி விசித்திரமான வியாபாரம் ஒன்றைத் தொடங்கினார். நெடுஞ்சாலைகளில் கார் மோதிச் செத்துக் கிடக்கும் நரி, ரக்கூன் போன்ற பிராணிகளை எடுத்து வர வேண்டியது. தோலை உரித்துப் பதப்படுத்த வேண்டியது. மயிரோடு கூடிய அந்தத் தோலில், குளிருக்குக் கழுத்தில் சுற்றும் உறையும், கால் உறையும், தொப்பியும் தைத்து விற்க வேண்டியது. இதுதான் தொழில்!

இதற்காக ஒரு பிராணியும் கொல்லப்படவில்லை என்பதே அவருடைய விளம்பரம். கழுத்து உறை ஒன்றின் விலை ஆயிரம் டாலர் அளவுக்குப் போனது. மிருகங்களைக் கூண்டில் வளர்த்துக் கொன்று தோல் எடுப்பது பாவம் என்று நினைக்கும் சீமாட்டிகள், மனம் உறுத்தாமல் அதை வாங்கி அணியலாம் அல்லவா?

நம் நாட்டில் யாராவது அதே தொழிலுக்குப் புறப்பட்டால் வம்பில் மாட்டிக்கொள்வார்கள். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சட்டத்தின் காவலில் உள்ள காட்டு விலங்கு இறந்து கிடந்தாலும் அது சர்க்கார் சொத்து. கையில் எடுத்தவர் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்திலோ வன அதிகாரியிடமோ தெரிவித்தாக வேண்டும். ஊருக்குப் போகும் வழியில் அடிபட்ட கீரியையோ நரியையோ கண்டால், தொடாமல் போவதே நல்லது.

ஆனால், கொல்லாமல் கிடைத்த தோலை உடம்பில் அணிவது என்ற யோசனை இருக்கிறதே, அது நமக்குப் புதிது அல்ல. இந்தியக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகக் காலில் கிடந்த மாட்டுத்தோல் செருப்பு பெரும்பாலும் நோயாலோ வயோதிகத்தாலோ தொழுவத்தில் செத்த மாட்டின் தோல்தான். "எங்கள் ஊரில் மாட்டை வெட்டுவதில்லை" என்று பெருமை பேசிய ஊரும் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் நடந்தது. தோலை உரித்துக் கொடுத்தவரை மட்டும் ஊருக்கு வெளியே நிறுத்தியது!

ஒரு செருப்புக்கு மூன்று சாதி

மாடு செத்தால் யார் வந்து தூக்க வேண்டும் என்பது ஊரில் எழுதாத சட்டம். மராட்டியத்தில் செத்த மாட்டை இழுத்துப் போவது மகார் மக்களின் கடமை. தோலைப் பதனிடுவது டோர் என்ற வகுப்பாரின் வேலை. செருப்பாகத் தைப்பது சம்பார் வகுப்பாரின் வேலை. தமிழ்நாட்டில் தோல் வேலை பெரும்பாலும் அருந்ததிய மக்களின் தலையில் விழுந்தது.

கூலி என்று ரொக்கம் கிடையாது. தோலை எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக மாட்டுக்காரர் வீட்டுக்குச் செருப்பு தைத்துத் தர வேண்டும். கமலைச் சாலுக்குத் தோல் வால் கட்டித் தர வேண்டும். அறுவடைக் களத்தில் கொஞ்சம் தானியம் அளப்பார்கள். பம்புசெட் வருவதற்கு முன்பு, கமலை ஓடாவிட்டால் கிணற்றுப் பாசனம் ஏது? நெல்லைச் சீமைப் பெரியவர்களைக் கேட்டால், அந்தத் தோல் வாலிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தத்தைக்கூட இன்றும் சொல்லிக் காட்டுவார்கள். அதைத் தைத்தவரின் பெயரைக் கேட்டால்தான் யோசிப்பார்கள்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். மாடும் அப்படித்தான். தோல் போக, கொம்பு சீப்புக்கும் பொத்தானுக்கும் ஆகும். எலும்பு உரமாகும், அதிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் மாத்திரைக் கூடுகளுக்குப் போகும். கொழுப்பு சோப்புக்குப் போகும். வால் மயிர் பிரஷுக்குப் போகும்.

வெயில் ஏறுவதற்குள்...

செத்த மாட்டின் தோலை எடுப்பது கேட்பதற்கு எளிது. செய்வது அப்படி அல்ல.

வெட்டப்பட்ட மாட்டின் உடலிலிருந்து ரத்தம் வடிந்துவிடும். தானாகச் செத்த மாட்டில் ரத்தம் நரம்புக்குள்ளேயே தங்கிவிடும். கோடை வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே தோல் கெடத் தொடங்கும். மயிர் கையோடு வரும். அதனால் மாடு செத்த செய்தி கேட்டவுடன் ஓட வேண்டும். நள்ளிரவானாலும் ஓட வேண்டும். அடைமழையானாலும் ஓட வேண்டும். என்ன நோயால் செத்ததோ தெரியாது. அடைப்பான் நோயில் செத்த மாடாக இருந்தால் கத்தி பிடித்தவருக்கே அந்த நோய் தொற்றி உயிர் போகலாம்.

தூக்கிச் செல்ல வண்டி இல்லாவிட்டால் கயிறு கட்டித் தரையில் இழுப்பார்கள். கல்லிலும் முள்ளிலும் உராய்ந்து தோல் கிழியும். கிழிந்த தோலுக்கு வியாபாரி பாதி விலைதான் தருவான்.

உரித்த தோலுக்கு உடனே உப்புப் போட வேண்டும். தோலின் எடையில் ஏறக்குறையப் பாதி உப்பு வேண்டும். பிறகு சுண்ணாம்புக் குழியில் ஊற வைத்து, மயிரையும் ஒட்டியுள்ள சதையையும் சுரண்டி எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் பட்டை. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். மராட்டியத்திலும் வட இந்தியாவிலும் கருவேலம்பட்டை. தோலை மூட்டை போலத் தைத்து, மரச் சட்டத்தில் தொங்கவிட்டு, உள்ளே பட்டைச் சாற்றை ஊற்றுவார்கள். சாறு தோல் வழியாகக் கசிந்து கீழே உள்ள பானையில் சொட்டும். சொட்டியதை எடுத்து மறுபடி ஊற்றுவார்கள். பிறகு மூட்டையைத் தலைகீழாகத் திருப்பித் தொங்கவிடுவார்கள். இப்படி நாள்கணக்கில் நடக்கும். பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்தால்தான் முடியும்.

அந்த நாற்றத்தைப் பற்றி எழுதிப் புரிய வைக்க முடியாது. தாராவியில் பழைய தோல் ஷாப்புகள் இருந்த காலத்தில் குடியிருந்தவர்களுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

காந்தி செருப்பு தைத்தார்

இந்தத் தொழிலைப் பற்றி இந்தியாவில் முதன்மையாகச் சிந்தித்த தலைவர்கள் இருவர். ஒருவர் காந்தி. மற்றவர் அம்பேத்கர். இருவரும் சொன்னது நேர் எதிரானது.

காந்தி செருப்புத் தொழில் கற்றது தென்னாப்பிரிக்காவில். 1910-ம் ஆண்டில் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலம். அங்கே தங்கிய சத்தியாக்கிரகக் குடும்பங்களில் தமிழர்கள் ஏராளம். காலன்பாக் ஒரு கிறிஸ்தவ மடத்துக்குச் சென்று செருப்பு தைக்கக் கற்றுவந்தார். அவரிடமிருந்து காந்தி கற்றார். மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். பின்னர் சிறையில் தைத்த ஒரு ஜோடியை, தம்மைச் சிறையில் அடைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கே பரிசாகக் கொடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைக்காலங்கள் அணிந்து, 1939-ம் ஆண்டு காந்தியின் 70-வது பிறந்தநாளை ஒட்டித் திருப்பி அனுப்பிவைத்தார்.

இந்தியாவுக்குத் திரும்பிய பிறகு காந்தியின் எண்ணம் வேறு பக்கம் திரும்பியது. பசுவைக் காக்க வேண்டும் என்று மேடையில் முழங்குவோர், வெட்டிய மாட்டின் தோலில் செய்த பூட்சைப் போட்டுக்கொண்டு வருவதை அவர் பார்த்தார். கோசாலை நடத்துவோர் பால் பண்ணையும் நடத்த வேண்டும், கூடவே செத்த மாட்டின் தோலைப் பதனிடும் சாலையும் நடத்த வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். தோல் வீணாகாமல் விலை போனால், வெட்டுவதற்கான தேவை குறையும் என்பது அவருடைய கணக்கு. சனாதனிகள் பலர் முகம் சுளித்தார்கள். கோசாலையில் தோல் ஷாப்பா!

காந்தி விடவில்லை. சபர்மதி ஆசிரமத்திலேயே தோல் பதனிடும் சாலை நடந்தது. தாமும் இறந்த மாட்டின் தோலில் செய்த செருப்பையே அணிவது என்று வைத்துக்கொண்டார். 1934-ம் ஆண்டு தமது பத்திரிகையில் கிராமத் தோல் தொழில் பற்றி எழுதினார். ஆண்டுக்கு ரூ.9 கோடிக்குப் பச்சைத் தோல் வெளிநாட்டுக்குப் போகிறது, அதில் பெரும்பகுதி சாமானாகத் திரும்பி வருகிறது என்று கணக்குக் காட்டினார். செத்த மாட்டைத் தரையில் இழுப்பதால் தோல் கெட்டு விலை குறைவதையும் சுட்டிக்காட்டினார். ஒரு மகாத்மா கவனிக்கிற விஷயமா இது என்று கேட்டவர்களும் உண்டு.

அந்த ஆண்டு டிசம்பரில் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் பிறந்தது. அதன் செயலாளர் ஒரு தமிழர். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு ஆகியவற்றோடு தோல் பதனிடுவதும் சங்கத்தின் வேலைத் திட்டத்தில் இடம்பெற்றது. வார்தா பக்கத்து நல்வாடியில் ஒரு தோல் சாலை நடந்தது. வங்காளத்தில் ரசாயன நிபுணரான சதீஷ் சந்திர தாஸ் குப்தா, செத்த மாட்டை உரிப்பதிலிருந்து தோல் பதனிடுவது வரை புத்தகமே எழுதினார்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த வேலை கதர் கிராமத் தொழில் கமிஷனுக்கு வந்தது. கமிஷனின் தலைமை அலுவலகம் இதே மும்பையில், விலே பார்லேயில்தான் இருக்கிறது. கிராமங்களில் உரிக்கும் நிலையங்கள் அமைக்கவும், கருவிகள் தரவும், பயிற்சி கொடுக்கவும் பணம் ஒதுக்கினார்கள். கதர்க் கடைகளில் "அகிம்சைச் செருப்பு" விற்பனைக்கு வந்தது. சென்னை அடையாற்றில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகளும் மாடு உரிக்கும் முறையைச் சீர்திருத்தப் பார்த்தார்கள்.

ரூ.500 சவால்

காந்தியின் திட்டத்தில் மாடு தப்பியது. தோல் வீணாகவில்லை. வாங்கியவரின் மனச்சாட்சியும் குளிர்ந்தது. ஆனால் கத்தி யார் கையில்? ஆசிரமத்தில் பிராமண இளைஞரும் தோல் பதனிட்டார். ஆசிரமத்துக்கு வெளியே பழைய கையே பிடித்தது.

இந்த இடத்தில்தான் அம்பேத்கர் குறுக்கிட்டார். 1927-ம் ஆண்டு மார்ச்சில் மகாட் நகரில் கூடிய மாநாட்டில், செத்த மாட்டைத் தூக்குவதையும் அதன் இறைச்சியை உண்பதையும் கைவிடும்படி அவர் தம் மக்களை வற்புறுத்தினார். மராட்டிய கிராமங்கள் பலவற்றில் மகார் மக்கள் மாட்டைத் தூக்க மறுத்தார்கள். அதற்காக ஊர்க்கட்டுப்பாட்டுக்கும் அடிக்கும் ஆளானார்கள். ஊரின் கிணறும் கடையும் அவர்களுக்கு அடைபட்டன.

அப்போது ஒரு வாதம் கிளம்பியது. ஓர் ஊரில் ஆண்டுக்கு 50 மாடு சாகிறது என்று வைத்துக்கொண்டால், தோல், கொம்பு, குளம்பு, எலும்பு எல்லாம் விற்று ரூ.500 கிடைக்குமே, இந்த வருமானத்தை அம்பேத்கர் ஏழைகளிடமிருந்து பறிக்கிறாரே என்று பத்திரிகையில் எழுதினார்கள். அந்தக் காலத்து 500 ரூபாய் சின்னத் தொகை அல்ல.

அம்பேத்கர் கொடுத்த பதிலை, 1956-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி, பவுத்தம் தழுவிய மறுநாள் நாகபுரியில் அவரே நினைவுகூர்ந்தார். இவ்வளவு லாபம் இருந்தால் நீங்களே மாட்டைத் தூக்கி, நீங்களே உரித்து, அந்த ரூ.500-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் இன்னொரு ரூ.500 நான் என் கையிலிருந்து தருகிறேன் என்றாராம்!

வாங்கிக்கொள்ள ஒருவரும் வரவில்லை. லாபமுள்ள தொழில் என்றால் அதற்குப் போட்டி வந்திருக்கும். பால் வியாபாரத்துக்கு வந்த போட்டியைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இந்தத் தொழிலுக்கு மட்டும் யாரும் போட்டிக்கு வந்ததில்லை. அந்த வகையில் அம்பேத்கரின் கணக்கே சரியாக இருந்தது.

தாராவிக்கு வந்த கைகள்

கிராமத்தில் மதிப்பில்லாத கைக்குப் பட்டணத்தில் கூலியாவது கிடைத்தது. அன்றைய பம்பாயின் மாடு வெட்டும் கூடம் பாந்திராவில் இருந்தது. பச்சைத் தோலுக்கு அருகில் இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், பக்கத்தில் நாற்றத்துக்கு ஆட்சேபம் சொல்பவர் இருக்கக்கூடாது. சதுப்பு நிலமாகக் கிடந்த தாராவி அதற்கு வாய்த்தது. தோல் பதனிடும் தொழிலை அங்கே ஊன்றியவர்களில், திருநெல்வேலி முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகளும் தொழிலாளர்களும் முக்கியமானவர்கள்.

1971-ல் வெட்டும் கூடம் தேவ்னாருக்குப் போனது. பின்னாளில் தாராவியின் தோல் ஷாப்புகளில் பெரும்பாலானவை ஊரை விட்டு வெளியேறின, அல்லது மூடப்பட்டன. இன்று தாராவியில் நடப்பது பெரும்பாலும் பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் பட்டறை. தோல் வெளியூரிலிருந்து வருகிறது. தாத்தா சுண்ணாம்புக் குழியில் நின்றார். பேரன் தையல் மிஷினில் உட்கார்ந்தார். கொள்ளுப்பேரன் கம்ப்யூட்டர் படிக்கிறான். தாராவித் தமிழ்க் குடும்பங்களில் இப்படி எத்தனையோ!

கழுகும் போயிற்று

தோல் உரித்த மாட்டின் உடலை ஊர்ப்புறத்துப் பொட்டலில் போடுவார்கள். கழுகுகள் கூட்டமாக இறங்கும். மணிக்கணக்கில்கூட ஆகாது, எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். பிறகு எலும்பு பொறுக்குபவர் வருவார். நகராட்சிக்குச் செலவில்லாத சுகாதாரப் பணி அது.

1990-களில் கழுகுகள் மளமளவென்று செத்து விழுந்தன. மூன்று இனக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்தன. மாட்டுக்கு வலி தீரப் போடும் டைக்ளோபினாக் என்ற மருந்தே காரணம் என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள். அந்த மருந்து தங்கிய உடலைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலற்றுப் போகும். கால்நடைக்கு அதைப் போடுவதை 2006-ல் அரசு தடை செய்தது. அதற்குள் பொட்டல்களில் கழுகின் இடத்தை நாய்கள் பிடித்துவிட்டன.

கழுகு போன பிறகு, தோல் உரிப்பவர் ஒருவரே மிஞ்சினார். அவரையும் விட்டுவைக்கவில்லை.

உனாவில் நடந்தது

2016-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி, குஜராத்தில் உனா அருகே ஒரு கிராமத்தில், செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித் குடும்பத்தினரை ஒரு கும்பல் தாக்கியது. மாட்டைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. இளைஞர்களை உனா நகருக்கு இழுத்துவந்து, காரில் கட்டி வைத்து, சட்டையைக் கழற்றி அடித்தார்கள். அடித்தவர்களே படமும் எடுத்தார்கள். ஏற்கெனவே இறந்துபோன மாடு அது என்பது பிறகு விசாரணையில் தெரிந்தது.

குஜராத்தின் தலித் மக்கள் அதற்குப் பதில் சொன்ன முறை நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. சுரேந்திரநகரில் செத்த மாடுகளை வண்டி வண்டியாகக் கொண்டுபோய்க் கலெக்டர் அலுவலகத்தின் முன் போட்டார்கள். இனி நாங்கள் தூக்கமாட்டோம் என்றார்கள். ஊர்களில் செத்த மாடுகள் நாள்கணக்கில் அழுகிக் கிடந்தன. அதிகாரிகள் ஆள் தேடி அலைந்தார்கள். ஆமதாபாத்திலிருந்து உனாவுக்கு நடந்த ஊர்வலத்தில், "மாட்டு வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் நிலத்தைக் கொடுங்கள்" என்ற முழக்கம் எழுந்தது. குடும்பத்துக்கு 5 ஏக்கர் கேட்டார்கள். ஆகஸ்ட் 15-ந் தேதி உனாவில் ஊர்வலம் முடிந்தபோது, செத்த மாட்டைத் தொடுவதில்லை என்று கைதூக்கிச் சபதம் செய்தார்கள். மகாட் மாநாட்டுக்குப் பிறகு 89 ஆண்டுகள் கழித்து!

மராட்டியத்தில் 2015-ம் ஆண்டு முதல் காளையையும் எருதையும் வெட்டவும் தடை வந்துவிட்டது. எருமைக்குத் தடை இல்லை. தானாகச் செத்த மாட்டின் தோலுக்கும் தடை இல்லை. ஆனால் லாரியில் போகும் தோல், வெட்டிய மாட்டினுடையதா, செத்த மாட்டினுடையதா என்று நடுரோட்டில் எப்படி நிரூபிப்பது? டிரைவர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். ஏற்றினால் கூடுதல் வாடகை கேட்கிறார்கள். வெட்டக்கூடாது என்பவர்கள், செத்ததை உரிப்பவரைக் காக்கத்தானே வேண்டும்? அவர்தானே அகிம்சைச் செருப்புக்குத் தோல் தருபவர்! இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் மேடையைக் காணோம்.

கடையில் பார்க்கலாம்

கோலாப்பூரிச் செருப்புக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மராட்டியத்தில் நான்கு மாவட்டம், கர்நாடகத்தில் நான்கு மாவட்டம். 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலியின் பிராடா கம்பெனி, அச்சு அசலாக அதே மாதிரிச் செருப்பை மிலான் நகரில் காட்சிக்கு வைத்து, ஊரைச் சொல்லாமல் விட்டுக் கண்டனம் வாங்கிக்கொண்டது. பிறகு, இந்தியக் கைவினையைப் பார்த்துச் செய்ததுதான் என்று ஒப்புக்கொண்டது. அந்தக் கூச்சலில், தோல் எங்கிருந்து வருகிறது, உரிப்பவர் யார், அவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. உள்ளூரில் தோல் தட்டுப்படாமல், கோலாப்பூர்ப் பட்டறைகள் சென்னைத் தோலையும் வாங்குகின்றன.

தாதரிலோ குர்லாவிலோ அடுத்த முறை தோல் செருப்பு வாங்கும்போது, மேல்தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கலாம். மரத்தின் வேர் பரவியது போல மெல்லிய நரம்புக் கோடுகள் தெரிந்தால், அது ரத்தம் வடியாத தோலாக இருக்கலாம். அந்த மாடு வெட்டுப்படாமல் தானாக இறந்திருக்கக்கூடும். தோல் வியாபாரத்தில் அந்தக் கோட்டுக்குப் பெயர் குறை. அப்படிப்பட்ட தோலை மட்ட ரகத்தில் சேர்த்து, விலையைக் குறைத்துத்தான் எடுப்பார்கள்.